முன்கணிப்புக் கோப்பின் வடிவம் மாறும்போது: கடலூரில் அட்டவணை எழுதுவோருக்கான செய்முறை

கணினி தரும் வானிலை முன்கணிப்புக் கோப்பின் வடிவம் மாறிய நாளில், அதைப் படித்து அட்டவணை போடும் நம்முடைய எக்செல் தாள் பிழை காட்டி நின்றுபோனால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. நின்றுபோனது கண்ணில் படும். உட்கார்ந்து பார்த்தால் அன்றைக்கே சரிசெய்துவிடலாம். அஞ்ச வேண்டியது, தாள் நிற்காமல் வழக்கம்போல எண்களை நிரப்பிக்கொண்டு போகும் நாளுக்குத்தான். அந்த எண்கள் பார்வைக்கு நம்பும்படியாகவே இருக்கும். அவற்றின் பொருள் மட்டும் மாறியிருக்கும்.

கடலூரில் எங்கள் பகுதி விவசாயிகளுக்கும் சில படகுக்காரர்களுக்குமாக, அடுத்த ஐந்து நாட்களின் மழை, காற்று, வெப்பநிலை ஆகியவற்றை நாள்தோறும் மாலையில் தொகுத்து, தெருமுனைக் கரும்பலகையில் எழுதியும் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியும் வருகிறேன். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதத்தில், நான் எண்களை எடுத்துவந்த தளம் மழையளவை மில்லிமீட்டரிலிருந்து மீட்டருக்கு மாற்றிவிட்டது. என் தாளில் ஒரு தசம இடம் மட்டுமே தெரியும்படி அமைத்திருந்தேன். ஆகவே 38 மில்லிமீட்டரைக் குறித்து வந்த 0.038 என்ற எண், 0.0 என்று தெரிந்தது. மறுநாள் மழை இல்லை என்று பலகையில் எழுதினேன். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் அதை நம்பி, களத்தில் காயப்போட்டிருந்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடாமல் படுக்கப் போய்விட்டார். விடியற்காலை மழையில் பதினோரு மூட்டை நெல் நனைந்தது. “பலகையில மழை இல்லைன்னுதானே தம்பி போட்டிருந்துச்சு” என்று அவர் கோபமே இல்லாமல் கேட்டார். அன்றைக்குப் பிறகு, வடிவ மாற்ற அறிவிப்பு எதையும் நான் மேலோட்டமாகப் படித்ததில்லை. அந்த நாளிலிருந்து சேர்த்துவைத்த செய்முறையே இது.

தொடங்கும் முன் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். கணினி முன்கணிப்பு என்பது வானிலையாளருக்கான வழிகாட்டுக் குறிப்பு. அது எச்சரிக்கை ஆகாது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும், கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் எதைச் சொல்கின்றனவோ அதுவே முடிவானது. நம் அட்டவணை அதற்கு முரணாக இருந்தால், அட்டவணையைத்தான் ஒதுக்கி வைக்க வேண்டும்.

மாறியது வடிவமா, மாதிரியா?

மாற்ற அறிவிப்பு ஒன்று வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வடிவ மாற்றம் என்றால், அதே கணக்கின் அதே விடை வேறு வரிசையில், வேறு அலகில், வேறு கால இடைவெளியில் எழுதப்படுகிறது என்று பொருள். மாதிரி மாற்றம் என்றால், விடையைத் தரும் கணக்கே மாறிவிட்டது. அமெரிக்காவின் உலக முன்கணிப்பு மாதிரியான ஜிஎஃப்எஸ் 2021 மார்ச் 22 அன்று 16-ஆம் பதிப்புக்கு மாறியதும், ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 2023 ஜூனில் தன் குழுக் கணிப்புகளின் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டும் கணிப்புகள்) நுணுக்கத்தை, அதாவது கணக்குப் புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தை, 18 கிலோமீட்டரிலிருந்து 9 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்ததும், 2025 மே மாதத்தில் இந்தியா 6 கிலோமீட்டர் நுணுக்கமுள்ள பாரத் முன்கணிப்பு அமைப்பைத் தொடங்கியதும் மாதிரி சார்ந்த மாற்றங்கள். இவற்றோடு வடிவமும் சேர்ந்து மாறலாம், மாறாமலும் இருக்கலாம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், நம்மில் பலர் மாதிரியின் எண்ணை அப்படியே எழுதுவதில்லை. “இது எப்போதும் நம் ஊருக்கு ஒன்றரை டிகிரி கூடுதலாகவே காட்டும்” என்று பல மாத அனுபவத்தில் கண்டு, அதைக் கழித்துவிட்டு எழுதுகிறோம். மாதிரியின் விடையையும் நிலையத்தின் பழைய அளவீடுகளையும் புள்ளியியல் முறையில் இணைத்துத் திருத்தும் இந்த எண்ணத்தை 1972-இல் அமெரிக்காவில் கிளான், லவ்ரி என்ற இருவர் முறைப்படுத்தி வெளியிட்டனர். எம்ஓஎஸ் (மாதிரி வெளியீட்டுப் புள்ளியியல்) என்று அழைக்கப்படும் அட்டவணைகள் அதிலிருந்தே வந்தன. திருத்தம் என்பது பழைய மாதிரியின் பழைய பழக்கத்துக்குப் போட்டது. மாதிரி மாறினால் அந்தக் கழித்தலையும் நிறுத்திவிட்டு, குறைந்தது ஒரு பருவமாவது புதிதாகக் கவனிக்க வேண்டும். வடிவம் மட்டுமே மாறியிருந்தால், மேலே சொன்ன திருத்தத்தில் கை வைக்கக் கூடாது.

அறிவிப்பைப் படித்ததும், பழைய வடிவத்தில் வந்த கடைசிக் கோப்புகளில் இரண்டையாவது பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்: ஒன்று மழை நாளுடையது, மற்றொன்று வெயில் நாளுடையது. மழையில்லாத நாளின் கோப்பில் மழை வரிசை முழுவதும் பூஜ்யமாகவே இருக்கும் என்பதால், அதை வைத்து மழைக் கணக்கைச் சோதிக்க முடியாது. கார்த்திகையில் வந்த ஒரு கோப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எந்த மாற்றம் வந்தாலும் அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன்.

இடத்தை நம்பாமல் பெயரை நம்புங்கள்

“நான்காவது நெடுவரிசை காற்று” என்று தாளில் எழுதி வைத்திருப்பதே பாதிப் பிழைகளுக்குக் காரணம். புதிதாக ஒரு நெடுவரிசை நடுவில் நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகும். தலைப்பு வரியில் உள்ள பெயரைத் தேடி எடுக்கும்படியே தாளை அமைக்க வேண்டும். அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்றால் தாள் நின்றுவிட வேண்டும், ஏதோ ஒன்றை எடுத்துப் போடக் கூடாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலைச் சேவையில் மாவட்டத்துக்கு வரும் ஐந்து நாள் அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மழை மில்லிமீட்டரில், அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, காலை ஈரப்பதம், பிற்பகல் ஈரப்பதம், காற்றின் வேகம், காற்றின் திசை, மேகமூட்டம் என எட்டு வரிகள். ஈரப்பத வரிகள் இரண்டும் இடம் மாறினால் 88, 62 என்பது 62, 88 என்று வரும். எண்ணைப் பார்த்தால் எந்தச் சந்தேகமும் எழாது, ஆனால் கடலோரத்தில் காலை ஈரப்பதமே பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்று தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மேகமூட்டம் இன்னும் நுட்பமானது. வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று சொல்லும் அட்டவணையில் 8 என்றால் வானம் முழுவதும் மூடியிருக்கிறது. அதே இடத்தில் விழுக்காடு வந்தால் 8 என்பது ஏறக்குறைய தெளிந்த வானம். நிலக்கடலையைப் பிடுங்கிக் காய வைக்கலாமா என்று கேட்பவருக்கு இந்த இரண்டும் எதிரெதிரான பதில்கள்.

நேரம்

உலகெங்கும் மாதிரிகள் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். மாதிரி ஒருமுறை கணக்குப் போடுவதை ஓட்டம் என்கிறோம்: 00 மணி ஓட்டம் நமக்குக் காலை 5.30, 12 மணி ஓட்டம் மாலை 5.30. இதில் வரும் பிழை ஒரே வகைதான்: முன்பு யுடிசியில் தந்தவர்கள் இந்திய நேரத்துக்கு மாற்றித் தரத் தொடங்கியிருப்பார்கள், நாமோ பழையபடி இன்னொரு ஐந்தரையைக் கூட்டிக்கொண்டிருப்போம். சரிபார்க்க எளிய வழி, நாளின் உச்ச வெப்பநிலை எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்ப்பது. சித்திரையில் கடற்காற்று வந்ததும் வெயிலின் கடுமை சற்றுத் தணிவதை நம் ஊரில் எல்லாரும் அறிவார்கள். ஆகவே உச்சம் நண்பகலை ஒட்டியோ பிற்பகலின் தொடக்கத்திலோ வர வேண்டும். தாளில் அது இரவு ஏழரைக்கு விழுந்தால், நேரத்தை இருமுறை கூட்டியிருக்கிறீர்கள்.

ஒரு வரியின் மேல் எழுதியுள்ள மணி, அந்தக் காலப் பகுதியின் தொடக்கமா முடிவா என்பதையும் அறிவிப்பில் தேடுங்கள். “12” என்ற வரியில் உள்ள மழை, 6 முதல் 12 வரை பெய்ததா, 12 முதல் 18 வரை பெய்வதா? மூலக் கோப்புகளில் பெரும்பாலும் அது முடிவையே குறிக்கும். அழகுபடுத்தித் தரும் தளங்களில் சில தொடக்கத்தைக் குறிக்கின்றன.

மழைக் கணக்கு: எல்லாப் பிழைகளும் கூடும் இடம்

மழையை மாதிரிகள் பெரும்பாலும் ஒரு கணத்தின் அளவாகத் தருவதில்லை, சேர்ந்த அளவாகவே தருகின்றன. எப்போதிலிருந்து சேர்ந்தது என்பதில்தான் கோப்புக்குக் கோப்பு வேறுபாடு. ஜிஎஃப்எஸ் கோப்புகளில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கூடை காலியாகிப் புதிதாக நிரம்பத் தொடங்கும். ஓட்டம் தொடங்கியதிலிருந்து எண்ணினால், 3-ஆம் மணியின் எண் 0 முதல் 3 வரை, 6-ஆம் மணியின் எண் 0 முதல் 6 வரை, 9-ஆம் மணியின் எண் 6 முதல் 9 வரை, 12-ஆம் மணியின் எண் 6 முதல் 12 வரை. ஐரோப்பிய மையத்தின் கோப்புகளில் கூடை காலியாவதே இல்லை. ஓட்டம் தொடங்கியதிலிருந்து பெய்தது எல்லாம் சேர்ந்துகொண்டே போகும், அதுவும் மீட்டரில். இன்னும் சில தளங்கள் ஒவ்வொரு மூன்று மணிக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தருகின்றன.

ஒரே மழையை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தவை, அலகு மில்லிமீட்டர்.

முன்கணிப்பு மணி: 3, 6, 9, 12, 15, 18, 21, 24
ஆறு மணிக் கூடை: 4, 10, 12, 31, 20, 26, 5, 9
தொடக்கத்திலிருந்து சேர்ந்தது: 4, 10, 22, 41, 61, 67, 72, 76
மூன்று மணிக்குத் தனித்தனியே: 4, 6, 12, 19, 20, 6, 5, 4

ஒரு நாளில் பெய்த மழை மூன்றிலும் ஒன்றுதான்: 76 மில்லிமீட்டர். மூன்றாவது வரிசையில் எட்டு எண்களையும் கூட்டினால் அது கிடைக்கும். இரண்டாவதில் கடைசி எண்ணே விடை. முதலாவதில் 6, 12, 18, 24 மணிகளின் எண்களை மட்டும் கூட்ட வேண்டும்: 10, 31, 26, 9 சேர்ந்து 76. இப்போது மூன்றாவது வடிவத்துக்காக எழுதிய கூட்டல் வாய்பாட்டை, மாற்றம் தெரியாமல் முதல் வடிவத்தின் மேல் ஓட்டினால் 117 வரும். இரண்டாவது வடிவத்தின் மேல் ஓட்டினால் 353 வரும். 353 என்றால் நாமே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்போம். 117 தான் ஆபத்தானது, ஏனெனில் ஐப்பசி, கார்த்திகையில் கடலூருக்கு அது புதிய அளவு அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்படி 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 76 என்ற கனமழை, ஒரு கூட்டல் பிழையால் மிக கனமழை ஆகிவிடுகிறது. அதைப் படித்தவர் இரவோடு இரவாக மோட்டாரைக் கழற்றுவார், மாட்டை மேட்டுக்கு ஓட்டுவார். அப்படி இரண்டு முறை வீணாக நடந்தால் மூன்றாம் முறை உண்மையான எச்சரிக்கைக்கும் அசைய மாட்டார்.

எந்த வடிவம் என்று கோப்பைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வரிசை எங்கும் குறையாமல் ஏறியபடியோ நிலைத்தபடியோ போனால் அது தொடக்கத்திலிருந்து சேர்ந்தது. 6, 12, 18 மணிகளுக்கு அடுத்து மட்டுமே எண் இறங்கி, மறுபடி ஏறினால் கூடை வடிவம். இந்த இறங்குமுகம் ஒழுங்கில்லாமல் எங்கு வேண்டுமானாலும் வந்தால் தனித்தனி அளவு. இதற்காகத்தான் மழை நாளின் கோப்பைப் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

நாள் என்பது எங்கே தொடங்குகிறது என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் மழைமானியைக் காலை 8.30-க்குப் படிக்கிறார்கள், “24 மணி நேரத்தில் பெய்த மழை” என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை. யுடிசியில் அது 03 மணி. ஆகவே 00 மணி ஓட்டத்தில் 3-ஆம் மணி முதல் 27-ஆம் மணி வரையே நம் மழை நாள். சேர்ந்த அளவு தரும் கோப்பில் 27-இன் எண்ணிலிருந்து 3-இன் எண்ணைக் கழித்தால் போதும். ஆறு மணிக்கு ஒருமுறை மட்டுமே எண் தரும் கோப்பில் 03-இல் வெட்ட முடியாது என்பதால், அப்படிப்பட்ட கோப்பு மூன்று மணி இடைவெளிக்கு மாறும்போது அதை வரவேற்று, மழை நாளையும் அப்போதே சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

அலகுகளும் திசையும்

வெப்பநிலை கெல்வினில் வந்தால் 273.15 கழிக்க வேண்டும். 302 என்ற எண்ணைப் பார்த்ததும் எவரும் புரிந்துகொள்வர் என்பதால் இதில் ஏமாறுவது அரிது. காற்றில் ஏமாறுவது எளிது. நொடிக்கு 10 மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) என்பது மணிக்கு 18.5 கிலோமீட்டர். அலகு எழுதாத 10 இவற்றில் ஒன்றாகவோ, வெறும் மணிக்கு 10 கிலோமீட்டராகவோ இருக்கலாம், மூன்றுமே நம் கரையில் இயல்பாக வரக்கூடியவை. சராசரி வேகமா, திடீர் வீச்சின் வேகமா என்பதையும் தலைப்பில் பார்க்க வேண்டும்.

திசை எப்போதும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதையே சொல்லும். அமெரிக்க எம்ஓஎஸ் அட்டவணைகள் இடத்தை மிச்சப்படுத்தத் திசையைப் பத்தால் வகுத்து இரண்டு இலக்கத்தில் தருகின்றன: 04 என்றால் 40 டிகிரி, அதாவது வடகிழக்கு. இதை 4 டிகிரி என்று படித்தால் நேர் வடக்கிலிருந்து வரும் வாடை ஆகிவிடும். வடகிழக்குக் காற்றுக்கும் வாடைக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே வலை விடும் இடத்தைத் தீர்மானிக்கும் ஒருவரிடம் இந்தத் தவறைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது.

அலை உயரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையங்களில், வீராம்பட்டினம் மையம் அமெரிக்கக் கடற்படையின் கணினி அலைக் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்து வந்தது. கணினி முன்கணிப்பு நம் கரைக்கு எவ்வளவு முன்பே வந்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அலைக் கணிப்பில் வரும் எண் பொதுவாக, உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம். தனி அலை ஒன்று அதைப் போல ஏறக்குறைய இரு மடங்குகூட எழலாம். அட்டவணையில் புதிதாக “அதிகபட்ச உயரம்” என்ற வரி சேர்ந்தால், இரண்டில் எதைப் பலகையில் எழுதுகிறோம் என்பது மாறாமல் இருக்க வேண்டும். அடி, மீட்டர் குழப்பமும் புகுந்துவிடக் கூடாது.

உங்கள் ஊர்ப் புள்ளி எங்கே நிற்கிறது?

அறிவிப்பில் “நுணுக்கம் 0.5 பாகையிலிருந்து 0.25 பாகைக்கு மாறுகிறது” என்று ஒரு வரி இருக்கும். பலரும் அதை நல்ல செய்தி என்று மட்டும் எண்ணிக் கடந்துபோவார்கள். நம் ஊரில் அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்பதைத் தாளில் கோடு போட்டுப் பார்த்துவிடலாம்.

கடலூர் ஏறக்குறைய 11.75 வடக்கு, 79.77 கிழக்கு. 0.5 பாகைக் கட்டத்தில் நம்மைச் சூழ்ந்திருப்பவை நான்கு புள்ளிகள். 11.5, 79.5 என்பது நெய்வேலிக்குப் பக்கம். 12.0, 79.5 என்பது விழுப்புரத்துக்குப் பக்கம். மற்ற இரண்டும், அதாவது 11.5, 80.0 என்பதும் 12.0, 80.0 என்பதும், கடலுக்குள். கடலூர் இந்த நான்குக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருந்தாலும், கணக்குப் போட்டால் மயிரிழையில் மிக அருகில் வருவது 11.5, 80.0, அது பரங்கிப்பேட்டைக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நடுக்கடல். “அருகில் உள்ள புள்ளியை எடு” என்று தாளில் எழுதியிருந்தால், இத்தனை நாளும் கடலூர் என்ற பெயரில் கடலைத்தான் எழுதியிருக்கிறோம். புதுச்சேரிக்கும் இதே நிலைதான்: அருகில் வருவது 12.0, 80.0, அதுவும் கடல்.

0.25 பாகைக் கட்டத்தில் கடலூருக்கு 11.75, 79.75 என்ற புள்ளி ஊருக்குள்ளேயே வந்து விழுகிறது, புதுச்சேரிக்கு 12.00, 79.75, அது வானூர்ப் பக்கத்து நிலம். இதன் விளைவு கோப்பு மாறிய அன்றைக்கே தெரியும். கடல் நீர் பகலில் அவ்வளவு சூடாவதும் இல்லை, இரவில் அவ்வளவு குளிர்வதும் இல்லை. கடற்பரப்பில் காற்றைத் தடுக்க மரமோ வீடோ இல்லை. ஆகவே கடற்புள்ளியிலிருந்து நிலப்புள்ளிக்கு மாறியதும் பகல் வெப்பம் ஏறும், இரவு வெப்பம் இறங்கும், காற்றின் வேகம் குறையும். வானிலை மாறவில்லை, நாம் பார்க்கும் இடம் மாறியிருக்கிறது. ஐரோப்பிய மையம் 2024-இன் தொடக்கத்தில் தன் திறந்த தரவை 0.4 பாகையிலிருந்து 0.25-க்கு மாற்றியபோது இது எதிர்த்திசையில் நடந்தது: 0.4 கட்டத்தில் கடலூருக்கு அருகில் இருந்த 11.6, 79.6 என்ற புள்ளி குறிஞ்சிப்பாடிப் பக்கத்து உள்நிலம். மாற்றத்துக்குப் பின் புள்ளி கரைக்கு வந்துவிட்டது.

ஆகவே புள்ளியைத் தாளே தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிடாமல், நாமே எண்ணால் எழுதிவிட வேண்டும். நான் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறேன்: விவசாயிகளுக்கு 11.75, 79.75, படகுக்காரர்களுக்கு 11.75, 80.00. இரண்டையும் பலகையில் “ஊர்”, “கடல்” என்று தனித்தனியாகவே எழுதுகிறேன். அட்சரேகைகள் வடக்கிலிருந்து தெற்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, தெற்கிலிருந்து வடக்காகவா என்பதையும் பாருங்கள். வரிசை தலைகீழானால், எண்ணிக்கையால் எடுக்கும் தாள் 11.75 தெற்குக்குப் போய்விடும். அது இந்துமாக்கடலின் நடுப்பகுதி, அங்கே வரும் வெப்பநிலையும் நம்பும்படியாகவே இருக்கும்.

வராத எண்

எண் இல்லாத இடத்தைச் சில கோப்புகள் 999 என்றும், சில 9999 என்றும், சில வெற்றிடமாகவும் குறிக்கின்றன. 999 சராசரியில் கலந்தால் விடை வெடித்து வெளியே தெரியும். வெற்றிடமோ சத்தமின்றிப் பூஜ்யமாகக் கூட்டப்படும். வராத மழை எண், மழை இல்லை என்ற செய்தியாகிவிடும். எட்டில் ஒரு எண் வரவில்லை என்றாலும் அன்றைய மழைக் கட்டத்தில் “தகவல் வரவில்லை” என்று எழுதும்படி தாளை அமையுங்கள்.

நம்ப முடியாத எண்ணைத் தடுக்க எல்லை வைப்பது நல்ல பழக்கம், ஆனால் எல்லையைத் தாண்டியதை அழித்துவிடக் கூடாது. சிவப்பில் காட்டிக் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் அங்கே 46 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. “400 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் பிழை” என்று எழுதி வைத்திருக்கும் தாள், அப்படி ஒரு கணிப்பு வரும் நாளில், வாய் திறக்க வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைப் பண்ருட்டியின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் எப்படித் தாங்கின என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தப் புயலின் மைய அழுத்தம் 969 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. இயல்பை மட்டும் வைத்து எல்லை போட்டால் புயல்தான் முதலில் வெளியே தள்ளப்படும்.

இப்போது பல கோப்புகள் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 10, 50, 90 என்ற மூன்று நிலைகளில் மழையைத் தருகின்றன. பல கணிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது 50-ஆம் நிலை; பத்தில் ஒன்று மட்டுமே அதைவிடக் கூடுதலாகச் சொல்வது 90-ஆம் நிலை. தலைப்பில் உள்ள 50 என்பது 50 மில்லிமீட்டரும் அல்ல, 50 விழுக்காடு வாய்ப்பும் அல்ல. நான் நடு எண்ணையும், அடைப்பில் 90-ஆம் நிலையையும் எழுதுகிறேன்.

இணையாக ஓட்டுதல்

பழையதும் புதியதும் சில நாட்கள் சேர்ந்து வரும் என்றால், ஒரு வாரமாவது இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தின் ஒரே மணிக்கு, ஒரே புள்ளியில், இரண்டும், தசமத்தை முழுமையாக்குவதால் வரும் சிறு வேறுபாட்டுக்குள், ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் தெரியும் வரை பழைய தாளிலிருந்தே பலகையில் எழுதுங்கள். சேர்ந்து வரும் காலமே இல்லை என்றால், புதிய எண்களைக் காலை 8.30 மணி அளவீட்டோடு ஒப்பிடலாம். ஆனால் அப்போது கணிப்பு பலித்ததா என்று பார்க்காமல், எண்ணின் அளவும் அலகும் நேரமும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்க வேண்டும்.

வெளியே நாம் எழுதும் வடிவத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். துறைமுகத்தில் 1 முதல் 11 வரை உள்ள எச்சரிக்கைக் கூண்டுகளின் பொருள் படகுக்காரர்களுக்கு மனப்பாடமாக இருப்பதற்குக் காரணம், அது ஆண்டுக்கொரு முறை மாறாததுதான். உள்ளே மீட்டர் வந்தாலும் கெல்வின் வந்தாலும் பலகையில் மில்லிமீட்டரும் செல்சியஸும், அதே வரிசையில், அதே சொற்களில் இருக்கட்டும். புள்ளி இடம் மாறியதைப் போல எண்களின் போக்கே மாறும் மாற்றம் என்றால் மட்டும், மாறிய நாளிலிருந்து ஒரு வாரத்துக்குப் பலகையின் அடியில் ஒரு வரி எழுதுங்கள்: “தை 5 முதல் ஊர் வெப்பநிலை கரைப் புள்ளியிலிருந்து எடுக்கப்படுகிறது, முன்பு கடல் புள்ளி.” அதே வரியைத் தேதியோடு தாளின் முதல் பக்கத்திலும் குறித்துவிட்டு, பழைய தாளை அழிக்காமல் அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும் வரை வைத்திருங்கள்.